ஸ்கேட்போர்ட்காரரின் காற்சட்டைகள்

அந்தப் பெண் கொண்டுவந்த காற்சட்டைக்குள் அவளைப் போல இரண்டு பேர் நிற்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஜேர்மனியின் எசன் நகரத்தில், ஒரு சிறிய சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த தையற்கடையை நான் பொறுப்பெடுத்துச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தக் கடை என் கைக்கு வந்த கதையை முன்பொரு வாரம் எழுதினேன். வாசிக்காதவர்களுக்கு இவ்வளவு போதும்: காற்சட்டையைக் கட்டையாக்குவது, சிப் மாற்றுவது, கிழிந்ததற்கு ஒட்டுப் போடுவது. இதுதான் என் பிழைப்பு. இன்றைக்கும் அதுதான்.

அவள் மழையில் நனைந்த ஸ்கேட்போர்ட் ஒன்றை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்தாள். பதினேழு வயதிருக்கும். வெளிறிய மஞ்சள் முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். மேசையில் விரித்த காற்சட்டை கனத்த பருத்தித் துணி. எத்தனை தரம் தோய்த்தும் போகாத கரித்தூள் தையல் இடுக்குகளில் கறுப்பாக நின்றது.

"அப்பாவின்ரை. சுரங்கத்திலை போட்டவர்," என்றாள். "இடுப்பைப் பிடிச்சுத் தாங்கோ. கீழை வெட்டிவிடுங்கோ. காலின்ரை அகலத்தை மட்டும் தொடவேண்டாம்."

நாங்கள் பேசியது டொச்சில், ஜேர்மன் மொழியில்தான். ஆனால் எனக்குள் அது எங்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பதிந்து கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"காலை ஒடுக்காட்டித் தடுக்கி விழுவீரே?"

"ஒடுக்கினால்தான் விழுவன்."

அவளுடைய பெயர் ஆங்கெ. யோகேஸ்வரி என்ற என் பெயர் வாயில் வராமல் எல்லோரையும் போல அவளும் என்னை 'ஃப்ராவ் யோகா', அதாவது திருமதி யோகா, என்று கூப்பிட்டாள். அளவெடுக்க அதைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொன்னேன். நின்ற இடத்திலேயே முழங்காலை மடித்து மடித்து நிமிர்ந்தாள். துணி காலில் பிடிக்கிறதா என்று பார்க்கிறாளாம். என் இருபத்தொன்பது வயதுவரை காற்சட்டை போடுகிற எவரும் என் முன்னால் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கவசம் போட்டவர்கள்

ஸ்கேட்போர்ட் எனக்கு முற்றிலும் புதிதல்ல. இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லிவிட வேண்டும்.

ஜேர்மனிக்கு வந்த புதிதில் அகதிகள் விடுதியில் நானும் கணவரும் ஒரே அறையில் இருந்தோம். வேலை செய்ய அனுமதி இல்லை. செய்ய வேறு ஒன்றுமில்லாததால் நடப்போம். மழையோ குளிரோ, மதியம் சாப்பிட்டால் நடை. அப்படிப் போன ஒருநாள், மைதானம் ஒன்றின் மூலையில் மரப்பலகைகளால் கட்டிய பெரிய தொட்டி ஒன்றைக் கண்டோம். பாதியாக அறுத்த குழாயைக் கிடத்தி வைத்தது போல இரண்டு பக்கமும் வளைந்து உயர்ந்திருந்தது.

அதன் விளிம்புக்கு மேலே ஒருவன் எழும்பினான். தலைக்கவசம், முழங்காலில் பிளாஸ்டிக் சிப்பி, முழங்கையில் சிப்பி. இளஞ்சிவப்பும் எலுமிச்சை மஞ்சளும் கலந்த அரைக்காற்சட்டை தொடையை இறுக்கிப் பிடித்திருந்தது. கீழே இருந்த பலகை மீனைப் போல நடுவில் அகன்று வாலில் ஒடுங்கியது. ஒரு கணம் வானத்தில் நின்றான். பிறகு தொட்டிக்குள் விழுந்து மறைந்தான்.

"உவை என்ன, சண்டைக்குப் போற மாதிரியெல்லோ உடுத்திருக்கினம்," என்றார் கணவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஆகவே அந்த நிறங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

அதே பலகைதான் ஆங்கெயின் கையிலும் இருந்தது என்று முதலில் நம்ப முடியவில்லை. அவளுடையது ஒடுக்கமானது. முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசமில்லை. சக்கரங்களோ மேல்கோட்டுப் பொத்தானைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. தலைக்கவசம் இல்லை, சிப்பி இல்லை, நிறமும் இல்லை. ஐந்தாறு வருடங்களுக்குள் இவர்களுக்கு என்ன நடந்தது?

சப்பாத்தின் ஒரு பக்கம்

காற்சட்டையைத் தைத்துக் கொடுத்த அன்று கடையைப் பூட்டாமலே வெளியே போய் நின்று பார்த்தேன்.

சதுக்கத்தின் நடுவில் கருங்கல் விளிம்புகள் இரண்டு இருந்தன. ஆட்கள் குந்துவதற்காக நகராட்சி போட்டவை; யாரும் குந்துவதில்லை. ஆறேழு பேர் அவற்றை நோக்கி உருண்டுபோய், பலகையோடு சேர்ந்து எழும்பி, கல்லின் ஓரத்தில் வழுக்கி இறங்கினார்கள். பெரும்பாலும் விழுந்தார்கள். விழுந்து எழும்பித் திரும்பி வந்து அதே இடத்தில் விழுந்தார்கள். ஆங்கெ ஒருத்திதான் பெண்.

காலில் கட்டாத பலகை எப்படிக் காலோடு எழும்புகிறது? எனக்கு அது விளங்கவில்லை. அடுத்த தரம் அவள் வந்தபோது கேட்டேன். அவள் தன் வலது சப்பாத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"பாருங்கோ."

சின்ன விரல் இருக்கும் பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. சப்பாத்துக் கயிறும் அந்தப் பக்கம் அறுந்து முடிச்சுப் போட்டிருந்தது. இடது சப்பாத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"பலகையின்ரை மேல்பக்கம் உப்புத்தாள் மாதிரி. பின்காலாலை வாலை அடிச்சால் மூக்கு எழும்பும். உடனை முன்காலின்ரை பக்கத்தாலை உரஞ்சி மேலை இழுக்கவேணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானோ?"

"பழக ஒரு வருசம்."

அந்தச் சப்பாத்துக்குத் தடித்த தோல் துண்டு ஒன்றை வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவளுடைய கூட்டம் முழுவதும் என் கடைக்கு வரத் தொடங்கியது. யார் எந்தக் காலை முன்வைக்கிறார்கள் என்பதைச் சப்பாத்தை மேசையில் வைத்தவுடன் சொல்லிவிடுவேன். யார் எந்தப் பக்க இடுப்பில் விழுகிறார்கள் என்பதைக் காற்சட்டை சொல்லும். குதிக்கால் மிதித்து நைந்த கீழ்விளிம்பை மடித்துத் தைக்க விடமாட்டார்கள். நூல் தொங்கினால்தான் அவர்களுக்கு வடிவு.

ஏன் இவ்வளவு அகலம் என்றும் கேட்டிருக்கிறேன். ஒருவன், முழங்கால் தாராளமாக மடிய என்றான். இன்னொருவன், பழைய தொட்டிக்காரர் மாதிரித் தெரியக்கூடாது என்றான். ஆங்கெயின் பதில் வேறு.

"கடையிலை வாங்கிற உடுப்பு ஒரு மாசத்திலை கிழியும். அப்பாவின்ரை களுசான் கிழியாது. சுரங்கம் மூடினதிலை இருந்து அவருக்கு அது தேவையில்லை."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் துக்கம் எதுவும் தெரியவில்லை. ஆனால் காற்சட்டையின் முழங்காலைக் கையால் நீவிக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது பெயர்

இனி எழுதப்போவதைப் பல வாரங்களாகத் தள்ளிப்போட்டு வந்தேன்.

எங்கள் பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. அதன் முதலாளி ப்ரொக்மன் கெட்ட மனிதர் அல்ல. கிறிஸ்துமஸுக்கு எனக்கு பிஸ்கற் பெட்டி தருபவர். ஒரு பிற்பகல் யாருடைய பலகையோ கைதவறி உருண்டு, கடைத்தெருவுக்கு வந்த ஒரு முதிய பெண்மணியின் கணுக்காலில் அடித்துவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் அடுத்த நாளே ப்ரொக்மன் கையில் தாளோடு வந்தார். சதுக்கத்தில் ஸ்கேட்போர்டைத் தடைசெய்ய வேண்டும் என்று நகராட்சிக்கு ஒரு மனு. இரண்டு பெயர்கள் ஏற்கெனவே இருந்தன.

"நாளைக்கு வாங்கோ," என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று வீட்டில் கணவரிடம் சொன்னேன்.

"கையெழுத்தைப் போட்டுவிடும்," என்றார் அவர் உடனே. "கடையை உம்மடை பேருக்கு மாத்துற விண்ணப்பம் இன்னும் நகராட்சியிலைதான் கிடக்கு. ப்ரொக்மனுக்கு அங்கை ஆக்களைத் தெரியும். ஏன் வீண் பகை?"

"அந்தப் பிள்ளையள் எனக்கு என்ன செய்தவை?"

"ஒண்டும் செய்யேல்லை. நாங்களும் ஒருத்தருக்கும் ஒண்டும் செய்யேல்லைத்தானே. விசா நீட்டப் போகேக்கை அதை ஆரும் கேட்கிறவையோ?"

அவர் சொன்னது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. மறுநாள் போட்டேன். வடிவான தமிழ்க் கையெழுத்து, பக்கத்தில் டொச் எழுத்தில் முழுப் பெயர்.

சில வாரங்களில் நகராட்சி வாகனம் வந்தது. கருங்கல் விளிம்புகளில் ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு இரும்புக் குமிழை அறைந்துவிட்டுப் போனார்கள். பலகை வழுக்கினால் குமிழில் முட்டும். துளைபோடும் மெசின் அரை நாள் இரைந்தது. அந்த இரைச்சலைப் பற்றி யாரும் மனுக் கொடுக்கவில்லை.

தைக்கக் கொடுத்திருந்த காற்சட்டையை வாங்க ஆங்கெ வந்தாள். பலகை கையில் இல்லை.

"ப்ரொக்மன் பட்டியலின்ரை பிரதியைத் தன்ரை கடை யன்னலிலை ஒட்டியிருக்கிறார். உங்கடை பேர் மூண்டாவதா இருக்கு."

"ஓம்."

"சத்தம் உங்களுக்குக் கரைச்சலா இருந்ததோ?"

"இல்லை."

"பிறகு ஏன்?"

பயம் என்பதற்கான டொச் வார்த்தை எனக்குத் தெரியும். இந்த நாட்டில் நான் முதலில் கற்ற பத்து வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ஆனால் என் பயத்தைப் பதினேழு வயதுப் பெண்ணிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? அவள் காற்சட்டையை எடுத்துக்கொண்டு போனாள். கதவை அடித்துச் சாத்தியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

அடுத்த நாள் காலை ப்ரொக்மனிடம் போய் என் பெயரை வெட்டிவிடச் சொன்னேன். அவர் வியப்போடு பார்த்தார். "எல்லாம் முடிஞ்சுதே, ஃப்ராவ் யோகா. இனி எதை வெட்டுறது?" என்றார். அந்த ஆண்டின் கடைசியில் கடை என் பெயருக்கு மாறியது. அதற்கும் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று பிறகுதான் தெரியவந்தது.

ஒடுங்கிய வருடங்கள்

சதுக்கம் அமைதியானது. ஆனால் ஸ்கேட்போர்ட்காரர்கள் ஊரைவிட்டுப் போகவில்லை. நகரத்தில் இருக்கும் தையற்காரிக்கு அது தெரியாமல் போகாது. துணிகள் வந்துகொண்டே இருந்தன.

தொண்ணூறுகளின் கடைசியில் பக்கவாட்டுப் பொக்கற் வைத்த காற்சட்டைகளும், தலையணை போலப் பொம்மிய சப்பாத்துகளும். கிழிசல் இடம் மாறியிருந்தது. முன்பு இடுப்பும் முழங்காலும். இப்போது உள்தொடை, பின்பக்கம். ஏன் என்று ஒருவனைக் கேட்டபோது கையிலிருந்த கமெராவின் சின்னத் திரையில் காட்டினான். படிக்கட்டுகள். பத்துப் பன்னிரண்டு படிகளை ஒரே தாவலில் தாண்டினார்கள். படிக்கட்டின் கைபிடிக் கம்பியில் பலகையை வைத்து வழுக்கினார்கள். கால் தவறினால் கம்பி எங்கே படும் என்பதை நான் தைத்த இடமே சொன்னது.

பிறகு ஒரு காலம், எல்லோருக்கும் ஒடுக்கம் வேண்டியிருந்தது. கறுப்புத் துணி, இழுபடும் நூல் கலந்தது. "இன்னும் ஒடுக்குங்கோ" என்பார்கள். "குதிக்கால் உள்ளை போகாது" என்பேன். "பரவாயில்லை" என்பார்கள். அகலக் காற்சட்டையைப் பற்றிக் கேட்டால், அதையெல்லாம் யார் போடுவார்கள் என்று சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் கணுக்கால் தெரிய மடித்துவிட்டார்கள். கமெரா போய்க் கைத்தொலைபேசி வந்தது. ஒரு கோடைகாலத்தில் அது ஒலிம்பிக் விளையாட்டும் ஆனது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் அதைக் கோபமாகச் சொல்லிவிட்டுப் போனார். அதில் ஏன் கோபப்பட வேண்டும் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் சதுக்கம் செத்துப்போனது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. ப்ரொக்மனும் மூடினார். குமிழ் அறைந்த கல்லில் புறாக்கள்கூட வசதியாக இருக்கவில்லை.

மண்டபத்தில்

இரண்டு வருடங்களுக்கு முன் கவிதா கடைக்குள் வந்தாள். பெற்றோர் யாழ்ப்பாணத்தவர், பிள்ளை இங்கேயே பிறந்து வளர்ந்து பல்கலைக்கழகத்தில் படிப்பவள். கையில் ஒரு காற்சட்டை. விரித்தேன். அதற்குள் அவளைப் போல இரண்டு பேர் நிற்கலாம்.

"காலைத் தொடாதையுங்கோ அன்ரி. இடுப்பு மட்டும்."

சிரித்தேன். அவளுடைய இடது சப்பாத்தின் பக்கம் தேய்ந்திருந்தது. "இடதுகால் முன்னுக்கோ?" என்று கேட்டேன். பிள்ளை வாயைப் பிளந்தாள்.

அவள்தான் விஷயத்தைச் சொன்னாள். சதுக்கத்தைத் திருத்தப்போகிறார்கள். அந்தக் கருங்கல் விளிம்புகளைக் குமிழ் எடுத்து, ஓரத்துக்கு இரும்பு வைத்து, குந்தவும் ஸ்கேட்போர்டுக்கும் பொதுவாக விடும்படி அவளுடைய ஸ்கேட்போர்ட் கூட்டாளிகள் நகராட்சிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்ல ஒரு கூட்டம் வைக்கிறார்கள்.

"உங்கடை கடை வாசல்லைதான் வரும் அன்ரி. நீங்கள் வேண்டாமெண்டால் விட்டிடுவினம். அதாலை முதல்லை உங்களிட்டைக் கேட்கிறன்."

"வாறன்," என்றேன்.

மண்டபத்தில் ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். நகராட்சியின் பெண் அதிகாரி வரைபடத்தை விளக்கினார். சத்தம் வரும் என்றார் ஒருவர். குப்பை போடுவார்கள் என்றார் இன்னொருவர். அன்றைக்கு ப்ரொக்மன் கொண்டுவந்த தாளில் இருந்த வார்த்தைகளேதான். கவிதா பதில் சொல்லிப் பார்த்தாள்.

நான் எழும்பினேன். டொச்சில் அவ்வளவு பேருக்கு முன்னால் நான் பேசியதே இல்லை.

"கடை என்னுடையது," என்றேன். "சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்கும். முந்தியும் இப்படி ஒரு பட்டியல் வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். சத்தம் எனக்குக் கரைச்சலாக இருக்கவில்லை. பயத்தில் போட்டேன். அதற்குப் பிறகு முப்பது வருடம் யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெறுங்கல்லைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. என் பெயரை அன்றைக்கே வெட்டப் போனேன், முடியவில்லை. இன்றைக்கு வெட்டுகிறேன்."

இருந்துவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

கூட்டம் கலையும்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் வந்தாள். ஐம்பதை எட்டிக்கொண்டிருப்பாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். நடையில் ஒரு சிறு இழுப்பு.

"அன்ரி, இவதான் எங்களுக்குப் பழக்கினவ," என்றாள் கவிதா. "ஞாயிற்றுக்கிழமையிலை பொம்பிளையளுக்கு எண்டு ஒரு ஸ்கேட்போர்ட் வகுப்பு நடத்திறா."

"ஃப்ராவ் யோகா," என்றாள் ஆங்கெ.

வெளியே படியில் நின்று பேசினோம். என்மேல் கோபம் இருந்ததா என்று கேட்டேன்.

"இருந்தது. ரெண்டு வருசம் உங்கடை தெருவாலையே போகேல்லை."

"பிறகு?"

"பிறகு கோபப்பட நேரமில்லை. கல்லெல்லாத்திலையும் குமிழ் வைச்சிட்டினம், எசனிலை மட்டுமில்லை. அதாலை நாங்கள் படிக்கட்டுக்குப் போனம். குமிழ் வைக்க ஏலாத இடம் அதுதானே. எல்லாரும் அதை ஒரு புதுப் பாணி எண்டு சொல்லிச்சினம். எங்களுக்கு வேறை இடம் இருக்கேல்லை, அவ்வளவுதான்." கணுக்காலைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்குள்ளை ஒரு தகடு இருக்கு. அதுவும் படிக்கட்டிலை வந்தது."

எத்தனையோ வருடமாக எந்தெந்தக் காற்சட்டை எங்கே கிழிகிறது என்று ஆராய்ந்த எனக்கு, ஏன் அங்கே கிழிந்தது என்பதில் என் கையெழுத்துக்கும் ஒரு பங்கு இருந்தது தெரியாமல் போயிற்று.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "குதிச்சது நான்," என்றாள். "ஒருத்தரும் தள்ளிவிடேல்லை. நீங்கள் இண்டைக்குச் சொன்னது நல்லது. அண்டைக்குச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லா இருந்திருக்கும்."

இரண்டும் உண்மை. இரண்டையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சத்தம்

போன கோடையில் குமிழ்கள் கழற்றப்பட்டன. ஒரு விளிம்புக்கு மட்டும் இரும்பு ஓரம் வைத்தார்கள், மற்றது குந்துபவர்களுக்கு.

உள்ளதைச் சொல்ல வேண்டும். சத்தம் பயங்கரம். கல்லில் இரும்பும் மரமும் உரஞ்சும்போது பல் கூசும். தையல் மெசின் ஓடுகிறதா நிற்கிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். சில பிற்பகல்களில் கதவைச் சாத்திவிட்டு, மண்டபத்தில் அவ்வளவு வாய் காட்டியிருக்க வேண்டாமே என்று என்னையே திட்டுவேன்.

வருகிறவர்கள் முந்திய கூட்டம் போல இல்லை. பாதிக்கு மேல் பெண்கள். அகலக் காற்சட்டைக்காரர், ஒடுங்கிய காற்சட்டைக்காரர், இளஞ்சிவப்புத் தலைக்கவசக்காரர் எல்லோரும் ஒரே கல்லில். எந்தக் காலத்து உடுப்பு என்று பிரிக்க எனக்கே முடியவில்லை. தொட்டிக்காலத்து மீன் பலகைகூட ஒன்று வருகிறது.

அவர்களில் ஒருவர் வழுக்கைத்தலையர். ஐம்பது தாண்டியவர். முழங்காலில், முழங்கையில், மணிக்கட்டில் எல்லாம் சிப்பி. இந்த வயதில்தான் தொடங்கியிருக்கிறார். ஒரு புதன்கிழமை பிற்பகல், பள்ளி விடும் நேரத்துக்கு முன்பு, தனியாக வந்தார். விளிம்பை நோக்கி உருண்டு போவார், எழும்புவார், பலகை கல்லில் இடிக்கும், விழுவார். திரும்பவும் அதே. ஒரு மணித்தியாலம் அந்த இடிச்சத்தம். கடைசியில் நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன்.

அவர் என்னைக் கண்டதும் பலகையைக் கையில் தூக்கிக்கொண்டார். முகம் சிவந்திருந்தது.

"மன்னியுங்கோ. சத்தமோ?"

"ஓம், நல்ல சத்தம்."

"போறன், போறன்."

"எங்கை போறது?" என்றேன். "இன்னும் ஒருக்காக்கூட ஏறேல்லையே. ஏறிப்போட்டுப் போங்கோ."

அவர் என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு தூரத்துக்கு நடந்துபோய்ப் பலகையை வைத்தார். நான் வாசலிலேயே நின்றேன். முதல் தரம் விழுந்தார். இரண்டாம் தரம் பலகை மட்டும் ஏறியது, அவர் ஏறவில்லை. ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ பலகை இரும்பு ஓரத்தில் பிடித்துக்கொண்டது. ஒரு முழத்துக்குக் கூட இராது, கிரீச்சென்று வழுக்கி இறங்கி, கைகளை விரித்தபடி, விழாமல் உருண்டு போனார்.

சற்று முன்புதான் வந்து சேர்ந்திருந்த இரண்டு மூன்று பேர் தங்கள் பலகைகளின் வாலால் நிலத்தில் ஓங்கி ஓங்கி அடித்தார்கள். அவர்கள் கைதட்டுவதில்லை, இதுதான் அவர்களுடைய கைதட்டல்.

என்னிடம் பலகை இல்லை. உள்ளே போய் மேசையில் கிடந்த மர அளவுகோலை எடுத்துவந்து, கதவுநிலையில் என்னால் முடிந்த மட்டும் அடித்தேன்.